பாக்தாதிலிருந்து பெண் கேட்டார்கள்

ஜனவரி 4, சனி

மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரைத் துணியால் துடைத்தேன். ஸலாஹுத்தீன் அய்யூபியோடு போர் மூண்டுவிட்டது.

விளக்கமாக எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கே புரியாது. என் மகள் ஹபீபாவுக்குக் கல்யாணம் ஆகி ஒரு மாதம் ஆகிறது. எங்கள் ஊரில் பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதுவும் ராத்திரி இஷா தொழுகை தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, மாடியறையில் தூங்கிவிட்டு, காலையில் பசியாறத் தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவார். பகல் முழுக்க அங்கேதான்.

மாமியாராகிய நான் அவர் முன்னால் வருவதில்லை. இப்போது பல வீடுகளில் இதை விட்டுவிட்டார்கள், எங்கள் வீட்டில் விடவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மாப்பிளைக்கு இன்னும் ரெண்டு இடியாப்பம் வையி" என்று ஹபீபாவிடம் சொல்வேன். அந்தப் பக்கத்திலிருந்து, "போதும்னு மாமிகிட்ட சொல்லு" என்று அவர் ஹபீபாவிடம் சொல்வார். அவள் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை, இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கும். அவருடைய இருமல் எனக்குத் தெரியும், செருப்பு அளவு தெரியும். முகத்தைக் கல்யாண வீடியோவில் பார்த்ததோடு சரி.

மாப்பிள்ளை நூஹு நல்ல பிள்ளை. மும்பையில் கப்பல் கம்பெனியில் வேலை. லீவு முடிந்து பிப்ரவரி முதல் வாரம் போகிறார். குறை என்னவென்றால், ராத்திரி சாப்பிட்டதும் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். புதுப்பெண் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு இருப்பாள்.

இன்று ஹபீபா நர்சரி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போன பிறகு, மாடியறையைக் கூட்டப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து மடியில் எடுத்துப் பார்த்தால், கம்ப்யூட்டர் பொத்தான்களுக்கு நடுவில் முழுக்க மிக்ஸர் தூள். துடைத்தேன். திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது. தாடி வைத்த ஒருவர் என்னை முறைத்து, "போரை நீ விரும்பினாய். உன் கப்பல்கள் இனிக் கரை சேரா" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கீழே பெயர்: சுல்தான் ஸலாஹுத்தீன்.

அவரைப் பற்றிக் கட்டுரை எழுதி மதரஸாவில் முதல் பரிசு வாங்கியவள் நான். வேறு ஆள் கிடைக்கவில்லையா எனக்கு? அஸ்தஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

நேற்று இரவு மாடியில் ஒரே கூப்பாடு. "யாரு இதத் தொட்டது? என் கப்பல் பாதியக் காணோமே!"

காலையில் மாப்பிள்ளை போனதும் ஹபீபா என்னிடம் வந்தாள். "உம்மா, நீங்கோ எதையாவது தொட்டீங்களா?"

நான் மீனை ஆய்ந்துகொண்டே உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்ததில் ஜன்னலில் இருந்த பூனை ஓடிவிட்டது.

"மச்சான்ட்ட உம்மாதான் தொட்டாங்கன்னு சொல்லிடட்டுமா?"

"வாய மூடு புள்ளே. முகத்தக் காட்டாத மாமியா கட்டில்ல உக்காந்து மாப்பிளை சாமானத் தொட்டான்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? நீதான் தொட்டேன்னு சொல்லு."

"எதுக்குத் தொட்டேன்னு கேட்டா?"

"நல்லா யோசிச்சுத்தான் செஞ்சேன்னு சொல்லு. ஆம்பளைங்க அதுக்கு மேல கேக்க மாட்டாங்க."

ஜனவரி 7, செவ்வாய்

அவர் அதற்கு மேலும் கேட்டாராம். எதற்காகப் போர், அடுத்து என்ன உத்தேசம், ஸலாஹுத்தீனின் கடற்படையில் ஓட்டை இருப்பது எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்டாராம். ஹபீபா எல்லாவற்றுக்கும் அதே பதிலைச் சொல்லியிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து துண்டு எங்கே, தண்ணீர் எங்கே என்பதைத் தவிர அவர் இவளிடம் கேட்டது இதுதானாம். பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றியும் கேட்டாராம். அவள் என்னிடம் சொல்லும்போது முகமெல்லாம் சிவந்திருந்தது.

மகள் நன்மைக்காக நான் விளையாட்டைக் கற்றுக்கொள்வதென்று முடிவு செய்தேன். எனக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது.

விளையாட்டின் பெயர் சுல்தான்களின் சபை. மாப்பிள்ளைக்கு ஒரு சின்னத் துறைமுக ராஜ்யம். எதிரில் கெய்ரோவில் ஸலாஹுத்தீன், மாலியில் மன்சா மூசா, டெல்லியில் ரஸியா சுல்தானா, பாக்தாதில் ஹாரூன் அல் ரஷீத். ஐந்நூறு, அறுநூறு வருஷம் முன்பின்னாகப் பிறந்தவர்களை ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறார்கள். கேட்பாரில்லை.

ஸலாஹுத்தீனோடு சமாதானம் பேச வேண்டும். அதுதான் முதல் வேலை. லாயத்தில் இருந்ததிலேயே நல்ல குதிரைகளை அனுப்பினேன். கப்பலுக்குப் பெயர் வைக்க ஓர் இடம் இருந்தது. அதில் அஸ்ஸலாமு அலைக்கும் என்று அடித்தேன். ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார் என்று நம்பினேன். குதிரைக்காகவோ ஸலாமுக்காகவோ, போர் நின்றது.

ஜனவரி 10, வெள்ளி

ஜும்ஆ நாள். போர் இல்லை. மெத்தை உறைகளைத் துவைத்தேன்.

ஜனவரி 13, திங்கள்

மன்சா மூசா பெரிய தலைவலியாகிவிட்டார். அவரிடம் இருக்கும் தங்கத்துக்கு அளவே இல்லை. நாம் எந்தச் சந்தையில் இறங்கினாலும் மொத்தத்தையும் வாங்கிவிடுகிறார். மாப்பிள்ளை நேற்று அவர்மேல் படையை அனுப்பிப் பார்த்திருக்கிறார். பாலைவனத்தில் பாதிப் பேர் தாகத்திலேயே செத்துப்போனார்கள்.

நான் அவருடைய நாட்டுப் படத்தை மேலும் கீழும் பார்த்தேன். தங்கம் இருக்கிறது, யானை இருக்கிறது, உப்பு இல்லை. உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவளுக்கு இது கண்ணில் படாமல் இருக்குமா? யாருக்கும் தெரியாமல் வழியிலிருக்கும் உப்புச் சந்தைகளை எல்லாம் நம் பக்கம் சேர்த்துக்கொண்டேன். பிறகு உப்பை நிறுத்தினேன். அடுப்பில் சோறு கொதித்து அடங்குவதற்குள் மாலியிலிருந்து தூதர் வந்துவிட்டார். தங்கத்தையா கடித்துத் தின்பார், பாவம்.

பாவம் என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் நான் கட்டிலில் உட்கார்ந்து தனியாகக் கைதட்டியதை யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 15, புதன்

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஹபீபாவுக்குப் பாடம். இன்று எதைச் செய்தேன், ஏன் செய்தேன், மாப்பிள்ளை கேட்டால் என்ன சொல்ல வேண்டும்.

"உம்மா, நாள் பூரா பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா சொல்லிக் கொடுத்துட்டு வாறேன். வீட்டுக்கு வந்தா நீங்கோ எனக்கு வகுப்பு எடுக்கிறீங்கோ."

"மாலியில என்ன இல்ல?"

"உப்பு."

"ரஸியாவுக்கு யாரால தொந்தரவு?"

"அவங்க சொந்தப் பிரபுக்களால. உம்மா, பசிக்குது."

ராத்திரி சேர்ந்து விளையாடலாம் என்று மாப்பிள்ளை கூப்பிட்டாராம். பகலில் நான், ராத்திரி நீங்கள், சேர்ந்து விளையாடினால் சுவாரசியம் போய்விடும் என்று இவளே சொந்தமாக ஒரு பதிலைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். என் மகள்தான், சந்தேகமில்லை. இப்போது அவர் கம்ப்யூட்டரைச் சீக்கிரம் மூடிவிடுகிறார். மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

என் வீட்டுக்காரர், ஹபீபா வாப்பா, கொழும்பிலிருந்து போன் பண்ணினார். கடையில் வேலை அதிகமாம், இந்த மாதம் வர முடியாதாம். சரி என்றேன். கொழும்பு ஒன்றும் சந்திரனில் இல்லை. விமானத்தில் ஏறினால் சோறு ஆறுவதற்குள் இறங்கிவிடலாம். எனக்கென்ன, அவர் வந்தால்தான் வேலை. தினம் இரண்டு கறி வைக்க வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

ரஸியாவை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆம்பிளைகள் நிறைந்த சபையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய பிரபுக்கள் கலகம் செய்தார்கள். மாப்பிள்ளையின் படையில் முக்கால்வாசியைக் கேட்காமலே டெல்லிக்கு அனுப்பிவிட்டேன். நமக்கு அதில் லாபமே கிடையாது.

"மச்சான் ஆச்சரியப்படுறாங்க உம்மா. உன் மனசு பெரிய மனசுன்னு சொன்னாங்க."

யார் மனசு பெரிய மனசு என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஹாரூன் அல் ரஷீத் நின்றுகொண்டிருந்தார். பட்டு, நறுமணம், புலவர்கள் என்று சீர்வரிசையோடு வந்திருக்கிறார். தன் மகனுக்கு நம் இளவரசியைக் கேட்கிறார். சம்மதித்தால் இளவரசி பாக்தாதுக்குப் போவாளாம். நமக்குச் சமாதானமும் ஒரு நூலகமும் கிடைக்குமாம்.

இளவரசியின் பெயரைப் பார்த்தேன். ஹபீபா. மாப்பிள்ளை வைத்த பெயர். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

சம்மதம் என்று ஒரு பொத்தான், மறுப்பு என்று ஒரு பொத்தான். மாப்பிள்ளை இங்கே வந்து இருக்கட்டும் என்று சொல்ல ஒரு பொத்தானைத் தேடு தேடென்று தேடினேன். இல்லை. இத்தனை பெரிய விளையாட்டைச் செய்தவர்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியவில்லை. கலீஃபாவாக இருந்தால் என்ன? பையனை இங்கே அனுப்பட்டும், ராத்திரிக்கு இடியாப்பம் போடுகிறேன். நூலகத்துக்காகப் பெண்ணைக் கொடுப்பார்களா?

மறுத்துவிட்டேன்.

வழக்கமாக மாப்பிள்ளை எந்தக் கேள்வியையும் பாக்கி வைக்காமல் பதில் சொல்லிவிட்டுத்தான் மூடுவார். இதை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். தூக்கக் கலக்கத்தில் மறந்திருப்பார்.

ஹபீபாவுக்குப் பாடம் எடுக்கும்போது இதைச் சொல்லவில்லை. சின்ன விஷயம்தானே.

ஜனவரி 22, புதன்

மறுபடியும் ஹாரூன் அதே இடத்தில் அதே கேள்வியோடு நிற்கிறார். மாப்பிள்ளை பழைய ஆட்டத்துக்குத் திரும்பிப் போய், கேள்வியை மறுபடி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு தடவை இல்லையென்று சொன்னால் மரியாதையாகப் போக வேண்டாமா? மறுத்தேன். அதோடு விடவில்லை. ஸலாஹுத்தீனிடம் கப்பல் கடன் வாங்கி, மன்சா மூசாவிடம் ஆள் வாங்கி, பாக்தாதுக்குச் சரக்கு வரும் பஸ்ராத் துறைமுகத்தைக் கொளுத்தினேன். திரை முழுக்க நெருப்பு. இனி யாரும் இந்த வீட்டுக்குப் பெண் கேட்டு வர மாட்டார்கள்.

இதையும் ஹபீபாவிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஜனவரி 23, வியாழன்

ராத்திரி மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. மாடியில் சத்தமே இல்லை. தித்திப்புக்கு வைத்த வட்டலாப்பம் அப்படியே திரும்பி வந்தது. முட்டை கெட்டுவிட்டதோ என்று நான் சாப்பிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 25, சனி

மாப்பிள்ளை இப்போது கம்ப்யூட்டரைத் தன் உம்மா வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். எனக்குப் பகலில் வேலையே இல்லை. மிளகாய் காயப் போட்டேன். எடுத்தேன். மறுபடி காயப் போட்டேன்.

ஹபீபா அடுக்களையில் சுவர் பக்கம் திரும்பி நின்று அழுதாள். மாப்பிள்ளை ஒரு ஆளுக்கு மட்டும் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாராம்.

"என்னக் கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன் உம்மா. மும்பையில வீடு பாத்துருக்கிறதா அவங்க தங்கச்சி சொன்னா. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

"கேட்டா போயிடுவியா?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். போயிருப்பாள்.

எங்கள் ஊரில் யார் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? ஆம்பிளைகள் போவார்கள், வருவார்கள். நாம் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்போம். நான் இருக்கவில்லையா? எனக்கு என்ன குறைந்துபோய்விட்டது?

ஜனவரி 26, ஞாயிறு

சம்பந்தியம்மா மைமூன் ஒரு தட்டு நிறைய வாடாவை எடுத்துக்கொண்டு வந்தாள். இறால் வைத்துச் சுட்டது. உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்கோ சுலைஹா. ஒங்க மகள் மும்பைக்கு வரமாட்டேன்னு சொன்னதுல எனக்கு வருத்தமில்ல. பழக்கமில்லாத ஊரு. ஆனா இந்தப் பய மொகத்தப் பாக்க முடியல."

"எப்ப அவள்ட்ட கேட்டாரு?"

"நேரா கேக்க வெக்கமாம். ஏதோ வெளையாட்டு ஆடுறாங்கள்ல ரெண்டு பேரும், அதுல கேள்வி வச்சானாம். பொண்ணக் கட்டிக் கூட்டிட்டுப் போகட்டுமான்னு. வேண்டாம்னுட்டாளாம். ரெண்டாம் தடவையும் கேட்டானாம். ஊரையே கொளுத்திட்டாளாம். அதுதான் ஒன் பதிலான்னு இவன் கேட்டதுக்கு, நல்லா யோசிச்சுத்தான் செஞ்சேன்னு சொன்னாளாமே."

வாடா ரொம்ப நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

ஜனவரி 27, திங்கள்

மழை. துணி காயவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

பரண் சுத்தம் செய்தேன். நான் எதுவும் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஹபீபா இங்கேயே இருப்பாள். கொஞ்ச நாள் அழுவாள், அப்புறம் சரியாகிவிடும்.

ஜனவரி 29, புதன்

ஹபீபா அழவில்லை. மாப்பிள்ளையின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். சரியாகிவிட்டதா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். ஹபீபா வாப்பா ஒவ்வொரு தடவையும் கொழும்புக்குக் கிளம்பும்போது நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 31, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து மாப்பிள்ளைக்கு இங்கே விருந்து. ஹபீபா தயிர் எடுக்க அடுக்களைக்குப் போனாள். நான் பொரித்த மீன் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். வழக்கமாக அங்கிருந்தே தட்டை நீட்டுவேன். இன்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். தட்டு சாய்ந்தது, மீன் மட்டும் கீழே விழவில்லை.

அவர் கையில் சோற்றோடு எழுந்துவிட்டார். "மாமி?"

"உக்காருங்கோ மாப்பிளே. வரமாட்டேன்னு சொன்னது ஹபீபா இல்ல. நான்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. "ஸலாஹுத்தீனோட சண்ட இழுத்தது நான்தான். தொடச்சப்ப பட்டுருச்சு. டெல்லிக்குப் பட அனுப்பினதும் நான்தான். பஸ்ராவக் கொளுத்தினதும் நான்தான். அவளுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. நான் சொல்லிக் கொடுத்தத ஒப்பிச்சா, அவ்வளவுதான்."

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். எனக்கு எப்படிப்பட்ட கெட்ட பெயர் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"உப்பு?" என்றார்.

"என்ன?"

"மன்சா மூசாவுக்கு உப்ப நிறுத்தினது?"

"அதும் நான்தான்."

அவர் மெல்ல உட்கார்ந்தார். "மாமி, அந்த ஆளோட நான் ஒரு வருஷமா மல்லுக்கட்டுறேன். எப்படி மாமி ஒங்களுக்குத் தோணிச்சு?"

"அது கெடக்கட்டும். எம் மகள் உங்களோட வர ஆசப்படுறா. அத விளையாட்டுல நான் மறிச்சுட்டேன். தெரியாமத்தான் மறிச்சேன். தெரிஞ்ச பெறகும் நாலஞ்சு நாளா வாயத் தொறக்கல. அதுதான் தப்பு." மீன் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "இனியாவது நீங்களே அவள்ட்ட கேளுங்கோ. ஹாரூன் ரஷீத அனுப்பிக் கேக்காதீங்கோ."

தயிரோடு வந்த ஹபீபா வாசலிலேயே நின்றுவிட்டாள். உம்மா மாப்பிள்ளை முன்னால் முக்காடு நழுவ நின்று பேசுவதை இப்போதுதான் பார்க்கிறாள். மாப்பிள்ளை சோற்றுக் கையோடு அவளைப் பார்த்து, "வாறியா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். இதைக் கேட்க அவருக்கு ஒரு கலீஃபா தேவைப்பட்டிருக்கிறது.

"வாறேன்" என்றாள்.

நான் மீன் தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தேன். கதவைச் சாத்தவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பெட்டி அடுக்குகிறோம். மசாலாத் தூள், ஊறுகாய், கருவாடு. மும்பையில் கருவாடு கிடைக்காதா என்று மாப்பிள்ளை கேட்டார். என்னிடமே கேட்டார். கிடைத்தாலும் கொண்டுபோங்கள் என்று நானே பதில் சொன்னேன். ஹபீபாவுக்கு நடுவில் நிற்கும் வேலை போய்விட்டது.

பிப்ரவரி 6, வியாழன்

அழமாட்டேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ரயில் வருவதற்கு முன்பே அழுதுவிட்டேன். எனக்கு ஒரே பிள்ளை. மாப்பிள்ளை ஜன்னலோரம் குனிந்து, "மாமி, டெல்லிய நான் பாத்துக்கிறேன், கவலப்படாதீங்கோ" என்றார். அழுதுகொண்டே சிரிக்க வேண்டியதாகிவிட்டது. சுற்றியிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை.

வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, "ஊர்ல இல்லாத வழக்கமா இருக்கே சுலைஹா" என்றாள். ஆமாம் என்றேன். இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டேன், பழக்கதோஷம்.

ஹபீபா வாப்பா போன் பண்ணினார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"யாரக் கேட்டு பொண்ண அனுப்பினே?"

"அவளக் கேட்டு."

கொஞ்ச நேரம் கத்தினார். அப்புறம் குரல் இறங்கியது. "இனிமே அவ்வளவு பெரிய வீட்டுல நீ மட்டும் என்ன செய்வே?"

இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதே இல்லை. ஹபீபா இருந்தாள், கேட்க வேண்டியிருக்கவில்லை. நானும் பதிலை யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் வாயில் தயாராக இருந்தது.

"நானும் கொழும்புக்கு வாறேன்."

"இங்க வந்து?"

"பக்கத்துல இருந்து ஒங்களோட சண்ட போடணும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை, கடையில் யாரோ சிங்களத்தில் பேசுவது கேட்டது. அவருக்கு வேலை இருக்கும் என்று எப்போதும் நான்தான் முதலில் போனை வைப்பேன். இன்று வைக்கவில்லை.